பிரசங்கம் இல்லாம நம்பிக்கையைப் பாடுவது எப்படி?

கல்ச்சுரல்ஸுக்குச் சொந்தமா பாட்டு எழுதும் பேண்டுக்கெல்லாம் ஒரு சிக்கல் வரும். மனசுக்குள்ள நம்புறதைப் பாடணும், ஆனா கேட்கிறவன் "அட்வைஸா?"ன்னு எழுந்து போயிடக் கூடாது. இதுக்கு ஒரு கிறிஸ்தவ மெட்டல் குழு கண்ட வழியைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் குழு 'பிகமிங் தி ஆர்க்கிடைப்'. 2005-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் 'டெர்மினேட் டேம்னேஷன்'. தலைப்பிலேயே நரகத் தீர்ப்பு வந்துவிடுகிறது. 2008-ல் வந்த 'டைக்காட்டமி' வேறு மாதிரி. அதன் பின்னணியில் இருப்பது சி. எஸ். லூயிஸ் 1945-ல் எழுதிய 'தட் ஹிடியஸ் ஸ்ட்ரெங்த்' என்ற அறிவியல் புனைகதை. அதில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம், மரண தண்டனையில் வெட்டப்பட்ட ஒருவனின் தலையைக் கருவிகளால் உயிரோடு வைத்திருக்கும். அதே கதைக்குள் பழைய புராண மந்திரவாதி மெர்லினும் வருவான்! அறிவியலும் தொன்மமும் ஒரே மேடையில்.

இப்போ கவனிங்க. அந்த ஆல்பத்திலேயே 'ஹவ் கிரேட் தவ் ஆர்ட்' என்ற தேவாலயப் பாடலும் இருக்கு. ஆக, நம்பிக்கையை அவங்க விடலை. சொல்லும் முறையைத்தான் மாத்தினாங்க. "நம்பு" என்பதற்குப் பதில், "தலை மட்டும் பிழைத்தால் அது மனுஷனா?" என்ற கேள்வியைக் கதையாக்கினா, எந்த மதத்துக்காரனும் உட்கார்ந்து யோசிப்பான். 2022-ல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேட் எக்ஸ்டிங்ஷன்' ஆல்பம் முழுக்கவே ஒரு அறிவியல் புனைகதை.

நம்ம பக்கம்? சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய 'ருத்ரா', கதிர் பாடும் குழு. தங்கள் இசைக்கு 'வேதிக் மெட்டல்' என்றே பெயர் வைத்தார்கள். 2003-ல் 'குருக்ஷேத்ரா', பிறகு 2005 முதல் 2011 வரை 'பிரம்மவித்யா' என்ற மூன்று ஆல்ப வரிசை. தொன்மப் பெயரோடு நிற்காமல் வேதாந்தத்துக்குள்ளேயே போனார்கள்.

நமக்கு இது புதுசா என்ன? திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தை விடிய விடியப் பார்க்கும் ஊர்க்காரங்க நாம. யாரும் அங்கே தர்ம உபதேசம் கேட்கப் போறதில்ல. கதைக்குப் போறோம், தர்மம் எதுன்னு திரும்பி வரும் வழியில நாமே பேசிக்கிறோம்.

சரி, நீங்க செய்ய வேண்டியது:

1. ஒரே ஒரு கேள்வியை எடுங்க. பதிலைப் பாட்டில் எழுதாதீங்க.
2. அந்தக் கேள்விக்கு ஒரு உலகம் கட்டுங்க.
3. மூலத்தைப் படிங்க. படிக்காம எடுத்தா தொன்மம் வெறும் வேஷம்.

பயிற்சிக்கு ஒரு கரு: குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து வடலூரில் வள்ளலார் 1872-ல் நிறுவிய சத்திய ஞான சபை. தைப்பூசத்தன்று கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என ஏழு திரைகள் விலகி ஜோதி தெரியும். அதிலிருந்து கேள்வி: அறிவு கூடக் கூட கருணையும் கூடுமா? உலகம்: ஏழு பாட்டு, பாட்டுக்கு ஒரு திரை, ஒவ்வொரு திரை விலகும்போதும் அறிவு கூடும் ஒரு இயந்திரம். அது பலருக்கு வழிபாட்டு இடம். வேடிக்கைப் பொருளாக்காம, முதலில் அவர் எழுதியதைப் படிச்சிட்டு ஆரம்பிங்க.

கடைசிப் பாட்டில் அந்த இயந்திரம் என்ன செய்யும்? எழுதி அனுப்புங்க!