மந்தைப் பாட்டும் மூன்று குரல்களும்

கேள்வி: அமெரிக்க கௌபாய் பாடல்களை இன்றும் விரும்பிக் கேட்கிறார்களே, அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: அவை வேலையில் பிறந்த பாட்டுகள். இரவில் மாடுகள் மிரண்டு ஓடாதிருக்க, காவலர்கள் குதிரையில் மந்தையைச் சுற்றி வந்தபடி மெல்லப் பாடினார்கள். 1910-இல் ஜான் லோமாக்ஸ் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார்.

நம்மை உருக்கும் கூட்டுக்குரல் பிறகு வந்தது. 1930-களில் லாஸ் ஏஞ்சலஸில் பாப் நோலன், டிம் ஸ்பென்சர், பின்னாளில் ராய் ரோஜர்ஸ் என்று புகழ்பெற்ற லெனார்ட் ஸ்லை மூவரும் தொடங்கிய குழுவே ‘சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்’. மூன்று குரல்களும் வெவ்வேறு சுரங்களில் நின்றாலும் எதுவும் தனித்துத் துருத்தாது. ஒரே மூச்சாக ஏறி இறங்கும். ஒற்றை மனிதனின் தனிமையை மூவர் சேர்ந்து பாடுவதில்தான் அதன் ஈர்ப்பு என்பேன். நோலன் எழுதிய ‘கூல் வாட்டர்’ பாலைவனத் தாகத்தைச் சொல்வது. முதலில் அதைக் கேளுங்கள்.