மகன் கடலுக்கு, தாய் கோயிலுக்கு

கேள்வி: மகனும் மருமகளும் ஸ்கூபா டைவிங் பழகியவர்கள். லீவுக்குக் கரீபியன் தீவுகளுக்குப் போகலாம் என்கிறார்கள். எங்கள் இருவருக்கும் நீச்சலே தெரியாது. என்ன செய்யலாம்?
– வாசகர், மல்லாங்கிணறு

பதில்: அவ்வளவு தூரம் எதற்கு? மதுரையில் விமானம் ஏறினால் கொழும்பு; அங்கிருந்து காரில் திரிகோணமலை. மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். நம் கோடை விடுமுறைக்குத் தோதான காலம்.

இளசுகளுக்கு நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு: பவளப்பாறை, ஆமை, கருந்துடுப்புச் சுறா. பெரியவர்களுக்குச் சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோயிலே டைவிங்கோடு சம்பந்தப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இடித்துக் கடலில் தள்ளினார்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் 1956இல் கோயில் நிற்கும் பாறைக்குக் கீழே மூழ்கியபோது, இடிபாடுகளோடு ஒரு லிங்கமும் கிடைத்தது. மருமகள் அடியில் தூண்களைத் தேடட்டும். மாமியார் மேலே, திரும்பக் கட்டிய கோயிலில் அர்ச்சனை செய்யட்டும்!

டைவிங் முடித்த கையோடு விமானம் ஏறக் கூடாது; குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். அந்தக் கடைசி நாளை அருகிலுள்ள கன்னியாவுக்கு ஒதுக்கலாம். அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ள நீச்சல் தேவையில்லை.

மேற்குக் கரையில் உள்ள ஹிக்கடுவைக்கும் போகலாம் என்று யாராவது இழுத்தால், அந்த மாதங்களில் வேண்டாம். அங்கே அப்போது தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கலங்கிக் கிடக்கும்.