ஓப்பன்பாக்ஸில் ஐகான் காணவில்லையா? தொடக்கநிலையாளருக்கான முழுமையான வழிகாட்டி

லினக்ஸில் க்னோம் போன்ற முழு டெஸ்க்டாப், ஐகான் தீமையும் தானே கவனித்துக்கொள்ளும். ஓப்பன்பாக்ஸ் வெறும் விண்டோ மேனேஜர். ஜன்னல்களையும் தன் மெனுவையும் நிர்வகிப்பதோடு அதன் வேலை முடிந்தது. புதிதாக இதற்கு மாறியவர்கள் ஐகான் இல்லாத வெற்றுக் கட்டத்தைப் பார்த்துத் திகைப்பது அதனால்தான். படம் பெரும்பாலும் வட்டிலேயே இருக்கும். அதற்குப் போகும் வழிதான் அறுந்திருக்கும்.

படி 1: எங்கே காணவில்லை?

டாஸ்க்பாரில் தெரியும் ஐகானை, ஓடும் செயலியே தன் ஜன்னலோடு கொடுக்கிறது. டின்ட்2 பேனலின் லாஞ்சர், செயலியின் டெஸ்க்டாப் கோப்பைப் படிக்கிறது. ஓப்பன்பாக்ஸ் மெனு தன் எக்ஸ்எம்எல் கோப்பை மட்டுமே நம்புகிறது. லாஞ்சரில் என்றால் 2, 3-ஆம் படிகள். மெனுவில் என்றால் நேராக 4-ஆம் படி. டாஸ்க்பாரில் மட்டும் என்றால் குறை செயலியிடம்.

படி 2: டெஸ்க்டாப் கோப்பைத் திறங்கள்

யூஎஸ்ஆர், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று அடுத்தடுத்த கோப்புறைகளுக்குள் இது இருக்கும். அதில் 'ஐகான்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். வெறும் பெயர் என்றால் பிஎன்ஜி, எஸ்விஜி போன்ற பின்னொட்டு இருக்கக் கூடாது. முழுப் பாதை என்றால் அங்கே கோப்பு உண்மையிலேயே இருக்க வேண்டும். இல்லையேல் அது வீடு மாறியவரின் பழைய முகவரிதான். திருத்துவதற்கு முன் கோப்பை உங்கள் ஹோமில் .லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று அடுத்தடுத்துள்ள கோப்புறைக்குள் நகலெடுங்கள். மூலத்தில் திருத்தினால் அடுத்த அப்டேட் அந்தத் திருத்தத்தை அழித்துவிடும்.

படி 3: தீமைச் சரிபாருங்கள்

பெயர் சரி, படம் வரவில்லை என்றால் சந்தேகம் தீம் மேல்தான். பாபிரஸ் போன்ற நிறைவான தீம் ஒன்றை நிறுவுங்கள். கூடவே 'ஹைகலர்' தொகுப்பும் இருக்கட்டும். தேர்ந்தெடுத்த தீமில் கிடைக்காத ஐகானைச் செயலிகள் அங்கேயும் தேடும். பிறகு ஜிடிகே செயலிகளுக்கு எல்எக்ஸ்அப்பியரன்ஸிலும், பேனலுக்கு டின்ட்2-வின் அமைப்புகளிலும் அந்தத் தீமைத் தேர்ந்தெடுங்கள். க்யூடி6 செயலிகளுக்கு க்யூடி6சிடி என்ற தனிக் கருவி உண்டு.

படி 4: மெனுவில் பாதையை எழுதுங்கள்

ஓப்பன்பாக்ஸின் மெனு கோப்பில் ஒவ்வொரு உருப்படிக்கும் ஐகானின் முழுப் பாதையை நீங்களே தர வேண்டும். தீம் பெயர் இங்கே செல்லாது. ஓப்பன்பாக்ஸின் அமைப்புக் கோப்பான ஆர்சி கோப்பின் மெனு பகுதியில் 'ஷோஐகான்ஸ்' மதிப்பு 'யெஸ்' என்று இருக்கட்டும்.

படி 5: மறுபடி ஏற்றுங்கள்

ஓப்பன்பாக்ஸுக்கு 'ரீகான்ஃபிகர்' கட்டளை கொடுங்கள். டின்ட்2-வை நிறுத்தித் தொடங்குங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் இதைச் செய்து பார்த்தால், அறுந்த இடம் எதுவென்று தெரிந்துவிடும்.