குழந்தை காப்போர்க்குப் பயிற்சியும் சான்றிதழும்

தனித்தமிழ் வளர்த்த மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகர் இன்று ஒரு தொழில் நகரம். அத்தகைய நகரில் ஃபிட்டர் வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞன் இரண்டாண்டுகள் ஐ.டி.ஐ.யில் பயின்று, தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுகிறான். இரும்பைக் கையாள இத்துணைப் பயிற்சி வேண்டுமெனில், வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் மழலைகளைக் காப்போர்க்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்? இதனை ஆராய்வதே என் நோக்கம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் தொழிற்சாலைகளில் அவர்தம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கெனத் தனியறை அமைக்க விதித்தது. காற்றும் வெளிச்சமும் தூய்மையும் இருந்தால் மட்டும் போதாது. குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் அவ்வறை இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. எனினும், எத்தனை நாள் பயிற்சி, எத்தகைய சான்றிதழ் என்பவற்றை அப்பிரிவு வரையறுக்கவில்லை.

“பிள்ளை பெற்று வளர்த்தவளுக்குப் பயிற்சி எதற்கு?” எனக் கேட்போர் உளர். ஓர் எடுத்துக்காட்டால் விடை கூறுவேன். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் தொண்டையில் வேர்க்கடலைப் பருப்பு அடைத்து, அழக்கூட இயலாமல் மூச்சுத் திணறுகிறது. அன்புள்ளம் பதறி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவும். பருப்பு இன்னும் ஆழத்தில் சென்று சிக்கும். பயிற்சி பெற்றவரோ, குழந்தையைத் தலை தாழ முன்கையில் குப்புறக் கிடத்தி, முதுகில் ஐந்து முறை தட்டுவார்; பின்னர் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் ஐந்து முறை அழுத்துவார்; அடைப்பு நீங்கும்வரை மாறி மாறிச் செய்வார். அன்பு தாய்மையில் பிறக்கலாம். இவ்வறிவு பயிற்சியில்தான் பிறக்கும்.

இனி, அங்கன்வாடியைக் காண்போம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. சத்துணவு, முன்பருவக் கல்வி, எடை பார்த்தல், தடுப்பூசிக்கு உதவுதல், தாய்மார்க்கு நலக்கல்வி என அங்கன்வாடிப் பணியாளரின் கடமைகள் பல. இத்தனைக்கும் பல்லாண்டுகள் வழங்கிவந்த பணிப் பயிற்சி 26 வேலை நாட்களே! 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பிளஸ் டூ படித்த பணியாளர்க்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதனினும் குறைவாகப் படித்தோர்க்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும் பரிந்துரைத்தது. பணியிலிருந்தவாறே பயிலலாம் என்பது அதன் சிறப்பு.

இச்சிறப்பையே நான் பெரிதும் போற்றுகிறேன். சான்றிதழ் இல்லை என்று காரணங்காட்டி, பல்லாண்டு அனுபவமுள்ள ஏழை ஆயாக்களை வெளியேற்றுவது நீதியாகாது. அவர்களுக்கு ஊதியத்துடன் பயிற்சி தருதலும், பயிற்சி முடித்தபின் ஊதியத்தை உயர்த்துதலுமே முறை. முதலுதவி மறக்கக்கூடியது; ஆதலின் அப்பயிற்சியைக் குறித்த கால இடைவெளியில் புதுப்பித்தலும் வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர் நாளை வேலைக்குச் செல்லும் பெற்றோராவோம். காப்பகத்தின் வண்ணச் சுவர்களைக் கண்டு மகிழுமுன், “இங்குள்ளோர் என்ன பயிற்சி பெற்றவர்கள்?” என வினவுவோம். அவ்வினா பரவினால், ஃபிட்டரின் சான்றிதழுக்குள்ள மதிப்பு ஆயாவின் சான்றிதழுக்கும் வந்து சேரும்.