‘வில்லிங்’ என்றால் ஆசையா, சம்மதமா?

நேர்முகத் தேர்வில் ‘ஆர் யூ வில்லிங் டு ரீலொக்கேட்?’ என்று கேட்கிறார்கள். ‘ஐ வில்’ என்பதா, ‘ஐ ஆம் வில்லிங்’ என்பதா?
– வாசகி, ஈரோடு

‘எஸ், ஐ ஆம் வில்லிங் டு’ என்றே சொல்லுங்கள். ‘ஐ வில்’ என்றால் வாக்குக் கொடுத்தாயிற்று; நாளைக்கே பெட்டியைக் கட்டச் சொன்னால் முழிக்க வேண்டியதுதான். ‘வில்லிங்’ என்பது ‘போகச் சொன்னால் போவேன், மறுப்பில்லை’ என்கிற அளவுக்கு மட்டும். அதில் ஆசை இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அதனால்தான் விண்ணப்பக் கடிதத்தில் ‘ஐ ஆம் வில்லிங் டு ஜாயின் யுவர் கம்பெனி’ என்று எழுதக் கூடாது. ‘சரி, போனால் போகிறது, வருகிறேன்’ என்று ஏதோ தயவு பண்ணுவதுபோல் இருக்கும். அங்கே ‘கீன் டு ஜாயின்’ போடுங்கள்.

நம் அலுவலகங்களில் புழங்கும் ‘வில்லிங் ஃபார் டிரான்ஸ்ஃபர்’ வேண்டாம். ‘வில்லிங் டு டேக் எ டிரான்ஸ்ஃபர்’தான் சரி.

ஊரைவிட்டுப் போக மனமில்லையா? ‘ஐ வோன்ட்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது வெறும் ‘மாட்டேன்’ அல்ல, பிடிவாதம். கிளம்ப மறுக்கும் காரைக்கூட ‘வோன்ட் ஸ்டார்ட்’ என்றுதான் வெள்ளைக்காரர் திட்டுவார். ‘ஐ வுட் ப்ரிஃபர் டு ஸ்டே இன் ஈரோடு’ என்று சொல்லிப் பாருங்கள், மரியாதையும் கெடாது.