மூக்கில் ஸ்வாப் எடுக்கப் போகிறீர்களா?

காய்ச்சல், இருமலுக்கு டாக்டர் 'ஸ்வாப் டெஸ்ட்' (மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுப்பது) எழுதிக் கொடுத்தால்:

1. காய்ச்சல் தொடங்கிய 3, 4 நாள்களுக்குள் மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். மூக்கில் வைரஸ் அதிகம் இருப்பது அப்போதுதான். ஃப்ளூவாக இருந்தால் அதற்கான மாத்திரையும் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாகக் கேட்கும்.

2. தலையை லேசாகப் பின்னால் சாய்த்து அசையாமல் இருங்கள். குச்சி மூக்கின் பின்பகுதி வரை போக வேண்டும். கண்ணில் நீர் வரும். சில விநாடிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் தலையை இழுத்துக்கொண்டால் மாதிரி போதாமல், வைரஸ் இருந்தும் 'நெகட்டிவ்' என்று வந்துவிடலாம்.

3. ரேபிட் டெஸ்ட் 'நெகட்டிவ்' என்றால் அதோடு விடாதீர்கள். குறைந்த அளவு வைரஸ் அதில் தப்பிவிடும். ஆர்டி-பிசிஆர் டெஸ்ட்டும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

4. குணமானபின் மறுபடி பிசிஆர் எதற்கு? செத்த வைரஸின் துணுக்குகூட வாரக்கணக்கில் 'பாசிட்டிவ்' காட்டும்.

5. ரிசல்ட் வருமுன் நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். வைரஸுக்கு அது மருந்தே இல்லை.