முதுகுத் தண்ணீரும் மூளைக்காய்ச்சலும்

“மூளைக்காய்ச்சல் ஊசியெல்லாம் போட்டாச்சு டாக்டர்!”

குழந்தைகள் வார்டில் அடிக்கடி கேட்கும் பதில் இது. அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. குழந்தைக்குப் போட்டது ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி. அது வைரஸ் நோய். வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்புவது. இந்தியாவில் முதன்முதலாக 1955-இல் வேலூர்ப் பக்கம் அடையாளம் காணப்பட்டது. அது மூளையையே தாக்கும். இங்கே பேசப்போவது வேறு நோய்: மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வில் பாக்டீரியா புகுந்து சீழ் வைப்பது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறோம், குழப்பம் அங்கே தொடங்குகிறது.

இதில் கொசுவுக்குப் பங்கில்லை. நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ‘ஹிப்’ ஆகிய மூன்று பாக்டீரியாக்களும் மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் குடியிருப்பவை. பள்ளிக்கூடத்திலிருந்து அண்ணன் கொண்டுவருவான்; அவனுக்கு மூக்கொழுகுவதோடு சரி. தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கு அதே கிருமி ரத்தத்தில் கலந்து மூளைச்சவ்வு வரை போய்விடக்கூடும். தலைக்கு ஊற்றியதால் வந்தது, பனியில் தூக்கிப் போனதால் வந்தது என்று பெற்றவளைக் குற்றவாளியாக்கும் உறவினர்கள் இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

“கழுத்து நல்லாத்தானே மடங்குது?”

பெரிய பிள்ளைகளுக்குக் கழுத்து விறைப்பு நல்ல அடையாளம். ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தையிடம் அது தெரியாமலே போகலாம். அங்கே பார்க்க வேண்டியவை வேறு: பால் குடிக்க மறுப்பது, எழுப்ப எழுப்ப மயங்கிச் சரிவது, தூக்கி அணைத்தால் சமாதானமாகாமல் இன்னும் வீறிடுவது, வலிப்பு. வலிப்பு வந்த குழந்தையின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் போகும் நிமிடங்களில் 108-ஐ அழைத்துவிடலாம்.

உச்சிக்குழியைத் தடவிப் பார்க்கும் பாட்டிகளின் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுப்போக்கில் அது உள்வாங்குவதை அவர்கள்தாம் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் அது புடைத்து நின்றால் எண்ணெய் வைத்து அமுக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பச்சிளம் குழந்தைக்கோ காய்ச்சலே இல்லாமலும் வரும். உடம்பு சில்லிட்டுப் போவதுகூட அறிகுறிதான். குறைமாதத்தில் பிறந்தவர்கள், பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் கழித்துப் பிறந்தவர்கள், பிரசவத்தின்போது தாய்க்குக் காய்ச்சல் இருந்தவர்கள் ஆகியோரிடம் இன்னும் கவனம் தேவை.

“முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் விளங்காது”

மற்ற நம்பிக்கைகள் எல்லாம் சேர்ந்து செய்யும் கெடுதலைவிட இந்த ஒன்று செய்யும் கெடுதல் அதிகம் என்பது என் கணிப்பு. மருத்துவர் தண்டுவட நீரைப் பரிசோதிக்க வேண்டும் என்பார். வராந்தாவில் கூடிப் பேசிய சொந்தபந்தம், “கையெழுத்துப் போடாதே” என்று சொல்லிவிடும்.

ஊசி எங்கே இறங்குகிறது என்று பார்ப்போம். தண்டுவடம் இடுப்பு வரை நீள்வதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது அல்லது இரண்டாவதன் அருகிலும், பிறந்த குழந்தைக்கு மூன்றாவதன் அருகிலும் முடிந்துவிடும். ஊசி போவது அதற்கும் கீழே. அங்கே இருப்பவை நீரில் மிதக்கும் நூல்களைப் போன்ற நரம்புகள். ஊசி முனை பட்டால் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். எடுப்பது சில மில்லி. பெரியவர் உடம்பில் இந்த நீர் நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாக ஊறுகிறது. குழந்தையின் உடம்பும் எடுத்ததைச் சீக்கிரமே ஈடுசெய்துவிடும். ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் குவின்கே 1891-இல் தொடங்கிவைத்த முறை இது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்ட தாய்மார் எத்தனையோ பேர். அவர்களுக்கு ஊசி போட்டதும் ஏறத்தாழ இதே இடத்தில்தான்.

பிறகு ஏன் இந்தப் பயம்? பரிசோதனை செய்யப்படுவது ஏற்கெனவே கடுமையாக நோயுற்ற குழந்தைக்கு. பின்னால் கை கால் பலவீனம் வந்தால் அது நோயின் வேலை. பழி கண்ணால் பார்த்த ஊசியின்மேல் விழுகிறது.

அந்தச் சில மில்லியில் சிகிச்சையின் திசையே இருக்கிறது. வைரஸ் என்றால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடலாம். காசநோய்க் கிருமி என்றால் ஓராண்டு அளவுக்கு மாத்திரை. பாக்டீரியா என்றால் எது என்பதைப் பொறுத்து ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஊசி. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிபயாடிக்கை இரண்டு வேளை கொடுத்துவிட்டு வந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் போய், மருத்துவர் ஊகத்தில் ஓட வேண்டியிருக்கும். மூளைக்குள் அழுத்தம் ஏறியிருந்தாலோ, ரத்தம் உறைவதில் சிக்கல் இருந்தாலோ மருத்துவரே பரிசோதனையைத் தள்ளிவைப்பார். அப்போதும் மருந்து காத்திருக்காது.

“தடுப்பூசி எல்லாம் முடிச்சாச்சு, இனி வரவே வராது”

வாய்ப்பு பெரிதும் குறைந்திருக்கிறது, அவ்வளவே. ‘ஹிப்’பையும் சேர்த்துத் தடுக்கும் பென்டாவேலன்ட், இந்தியாவில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் தொடங்கியது. 6, 10, 14 வாரங்களில் போடுவது. நியூமோகாக்கஸ் ஊசி 2021-இல் தமிழ்நாட்டு அரசு அட்டவணைக்குள் வந்தது. அதன் மூன்றாவது தவணை ஒன்பதாம் மாதம் என்பது பல வீடுகளில் மறந்துபோகிறது. நியூமோகாக்கஸில் ஏறக்குறைய நூறு வகைகள். ஊசி தடுப்பது முக்கியமான சிலவற்றை. மெனிங்கோகாக்கஸ் ஊசி அரசின் வழக்கமான அட்டவணையில் இல்லை.

சில குழந்தைகளுக்கு அபாயம் கூடுதல். காதில் சீழ் வடிவதை “தானா நின்னுடும்” என்று விட்டுவைத்த வீட்டுப் பிள்ளை. சிகரெட் புகையிலும் நெரிசலிலும் வளரும் கைக்குழந்தை. தலையில் அடிபட்டபின் ஒரு மூக்கில் மட்டும் தெளிந்த நீராக ஒழுகும் சிறுவன் (அது சளியல்ல, மூளைநீராக இருக்கலாம்). தலசீமியாவுக்காக மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள். நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952-இலேயே கண்டறியப்பட்ட அரிவாள்செல் சோகையும் இந்த வரிசையில் வரும். அந்நோயில் மண்ணீரல் பெயருக்குத்தான் இருக்கும், ரத்தத்தில் வரும் நியூமோகாக்கஸை வடிகட்டாது. அதனால் இந்தக் குழந்தைகளுக்குத் தடுப்பூசியோடு ஐந்து வயது வரை தினமும் பென்சிலினும் கொடுப்பார்கள்.

“அந்த வீட்டுப் பக்கமே போகாதே”

மெனிங்கோகாக்கஸ் என்றால் உடன் வசிப்பவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். நியூமோகாக்கஸுக்கு அதுவும் தேவையில்லை. தெருவே விலகி நிற்க வேண்டியதில்லை.

“பிழைச்சு வந்துட்டான், அது போதும்”

போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இந்நோய் கண்டவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார், ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பாதிப்பு தங்குகிறது. குழந்தைகளிடம் அடிக்கடி பறிபோவது காது. பேச்சு வராத வயதில் அது யார் கண்ணிலும் படாது. “அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று ஓராண்டு போய்விடும். உள்காதின் சுருள்குழல் சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கலாம். இறுகிவிட்டால், கேட்க வைப்பதற்காக உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியின் மின்முனையைச் செலுத்துவது கடினம். எனவே டிஸ்சார்ஜுக்கு முன்பே, தவறினால் ஒரு மாதத்துக்குள், செவித்திறன் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தக் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே கிடைக்கிறது. கருவி பொருத்தியவர்களுக்கு மூளைக்காய்ச்சல் அபாயம் அதிகம் என்பது 2002-இல் அமெரிக்காவில் தெரியவந்தது. ஆகவே அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே நியூமோகாக்கஸ் தவணைகள் முடிந்தனவா என்று தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.